இலை போதாத வாரம்

பூவுக்காகத்தான் வாங்கினேன்.
விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில்
கறுப்புப் பைக்குள் மூன்று கன்று,
ஒன்று அறுநூறு.
செம்மஞ்சள் இதழ் கீழே மடிந்திருக்க
நடுவில் மஞ்சள் கிண்ணம்.
பேர் கேட்டேன்.
"பிட்டறட்ட மல்" என்றான் விற்றவன்.
வெளிநாட்டுப் பூ.
அவ்வளவுதான் அதன் கடவுச்சீட்டு.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, கடற்பக்கம்.
உப்புக்காற்று தின்று முடிக்காத பல்கனிக் கம்பி.
அங்கே ஏற்கெனவே குடியிருந்தவை:
அடி பருத்த அடீனியம்,
மெழுகில் வார்த்ததுபோல ஒரு ஹோயா,
ஆபிரிக்காவிலிருந்து ஐந்து கைப் பூ ஒன்று.
அது விரிந்த அன்று
மேல்வீட்டு பெரோசா ராத்தா
எங்கேயோ எலி செத்திருக்கு என்று
லிஃப்ட் குழிவரை ஆளிறக்கித் தேடவைத்தா.
நான் வாய் திறக்கவில்லை.
எல்லாம் ஒரே குடும்பமாம்,
ஒடித்தால் கசியும் குடும்பம்.

கசிந்தது விரலில் இருந்ததை மறந்து
ஒரு சனிக்கிழமை கண்ணைக் கசக்கினேன்.
கண்ணாஸ்பத்திரிக்குப் போகும் வழியில்
ஒவ்வொரு வீதிவிளக்கும்
தன்னைச் சுற்றி வானவில் கட்டியிருந்தது.
"என்ன செடி?"
இளம் டொக்டர் மூன்று தரம் கேட்டார்.
வெளிநாட்டுப் பூ என்றேன்.
எழுதிக்கொண்டார்.

சொட்டுமருந்து முடிந்து பல்கனிக்கு வந்தால்
பூவே இல்லை.
கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்டு
பதினேழு பேர்.
மயிர்க்கொட்டி என்று திட்டவும் முடியாது,
மயிரே இல்லை;
முதுகில் மூன்று சோடிக் கறுப்புக் கொம்பு மட்டும்.
என் கண்ணைச் சுட்ட பாலை
தலை நிமிராமல் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மருந்தடியுங்கோ மிஸ்" என்றார் வாச்சர் அருளப்பு.
போத்தலும் கொண்டுவந்து தந்தார்.
மூடியைத் திறந்தேன்.
ஒருத்தன் சாப்பிடுவதை நிறுத்தி
கொம்பை ஆட்டிவிட்டு
மறுபடி சாப்பிட்டான்.
மூடியை மூடினேன்.

புதன்கிழமை இலை தீர்ந்தது.
வியாழன் தண்டைக் கொறித்தார்கள்,
இரவில் அந்தச் சத்தம் கேட்பதாக நினைத்துக்கொண்டேன்.
பூங்காவுக்கு ஓடினால்
அந்தச் செடி வந்து முடிந்துவிட்டதாம்.

வெள்ளி காலை, கோட்டை ரயில்.
பதினோரு வருடமாக இந்த ஜன்னலில்
கடலைத்தான் பார்த்திருக்கிறேன்.
அன்று கல்லைப் பார்த்தேன்.
பம்பலப்பிட்டி தாண்டி, அலை தெறிக்கும் கருங்கல்லிடையில்
சாம்பல் பூசின இலையோடு
எருக்கு.
யாரும் நடவில்லை, யாரும் விலை சொல்லவில்லை.

பின்னேரம் இறங்கினேன்,
பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறையோடு.
தண்டவாளம் கடந்த அம்மா ஒருவர் நின்று கேட்டார்:
"பிள்ளையாருக்கோ?"
"இல்லை, பிள்ளைகளுக்கு."
என் கையுறையைப் பார்த்தார்,
கட்டுப்போட்ட கண்ணாடியைப் பார்த்தார்,
மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து பேர் மணந்து பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.
அவர்களை ஞாயிறன்று
சாடியின் ஓரத்தில் கூட்டி அள்ளினேன்.
மற்றவர்களுக்கு
எந்த ஊர் இலை என்ற விசாரணை இருக்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராய்க் காணாமற் போனார்கள்.
ஒருவனை ஹோயாவுக்குக் கீழே கண்டேன்,
ஒருவனைக் காகம் கண்டது.
இன்னொருவன் வாசலைத் தாண்டி நடந்து
மின்சார மீற்றரின் கண்ணாடியில்,
இலக்கங்களுக்கு நேர் மேலே,
தலைகீழாய்த் தொங்கினான்:
வெளிர்பச்சைச் சிமிழ்,
கழுத்தைச் சுற்றிப் பொன் புள்ளி.

மீற்றர் வாசிக்க வந்த பெடியன்
ரோர்ச் அடித்தான்.
பேனை முனையைக் கிட்டக் கொண்டுபோனான்.
"சமனலயெக்" என்றான், தனக்குத்தானே,
பேனையை எடுத்துவிட்டான்.
குனிந்து பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான்,
கடைசி இரண்டு இலக்கம் தெரியவில்லை.
சத்தம் போடாமல் படியிறங்கினான்.

எப்போது பறந்தது என்று எனக்குத் தெரியாது.
நான் கந்தோரில் இருந்தேன்.
காய்ந்த தோல் மட்டும்
கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தது.
அந்த மாதக் கட்டணச் சீட்டில்
அலகுகளுக்கு எதிரே
உத்தேசம் என்று எழுதியிருந்தது.